பார்சலின் பெயரால்

பொருளைக் கொடுக்கும்போதே அதன் விலையை வசூலித்து அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் வி.பி.பி. என்னும் ஏற்பாட்டை இந்திய அஞ்சல் இலாகா 1877-ஆம் ஆண்டில் தொடங்கிய காலந்தொட்டே, கண்ணால் காணாத கடையிலிருந்து, முகம் அறியாத வியாபாரியிடமிருந்து, கையால் தொட்டுப் பாராத பொருளை வரவழைத்துக் கொள்ளும் வழக்கம் நம் ஜனங்களிடையே இருந்து வருகிறது. அந்த நாளிலும், ஆசையோடு பார்சலைப் பிரித்தவர் உள்ளே செங்கல்லையும் கிழிந்த காகிதத்தையும் கண்டு திகைத்ததுண்டு. ஆகையால், முகம் தெரியாத வியாபாரத்தினுள் வஞ்சகம் புகுந்துகொள்வது நம்முடைய தலைமுறையில் தோன்றிய விபரீதம் அன்று. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் நாம் மறந்துவிட்ட ஒரு விசேஷம் உண்டு. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், வி.பி.பி. மூலம் வசூலான பணத்தை, மோசடி நேர்ந்திருக்கும் சந்தர்ப்பங்களில் அனுப்பியவனிடம் கொடுத்துவிடாமல் நிறுத்திவைத்து, பொருளைப் பெற்றவருக்கே திருப்பித் தருவதற்கான விதிகளை வகுத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்திருந்தது. பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் நடுவனுக்கும் அந்தப் பணத்தின் கதியைப் பற்றிய பொறுப்பு உண்டு என்கிற நியாயத்தை, பிரஜைகளின் நலத்தில் அப்படியொன்றும் பெரிய அக்கறை கொண்டிராத அந்நிய ஆட்சியே அன்று ஒப்புக்கொண்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு நியாயத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இன்று மும்பையில், தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து செம்பூர் சேடா நகர் வரையில், பார்சல் வராத வீடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். மாட்டுங்காவில் பழைய நாலு மாடிக் கட்டடங்களின் வாட்ச்மேன் மேசைமீது, பூக்காரர் வைத்துவிட்டுப் போன பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே, பழுப்பு நிற அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. பேரன் அமெரிக்காவிலிருந்து தாத்தாவுக்கு ஆர்டர் செய்த இரத்த அழுத்தக் கருவி, மருமகள் வரவழைத்த மிக்ஸி ஜாடி, கல்லூரிப் பையனின் காலணி என்று, ஒவ்வொரு குடும்பமும் எந்நேரமும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறது. இந்த எதிர்பார்ப்பே இன்றைய வஞ்சகனுக்குக் கிடைத்த மூலதனம். 'மேடம், ஆப் கா பார்சல் ஹை' என்று ஒரு குரல் கேட்டால், எந்தப் பார்சல் என்று யோசிப்பதற்கு முன்னால் 'ஹாங், போலோ' என்று பதில் சொல்லிவிடும்படி நம்முடைய காது பழகிவிட்டது.

முதலில், பார்சலே வராத வகையைப் பார்ப்போம். தீபாவளி நெருங்கும் காலத்தில் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அசல் காஞ்சிபுரம் பட்டு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு என்று விளம்பரம் வரும். படம் அழகாக இருக்கும். அது பெயர்பெற்ற ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் படமாகவே இருக்கும். நெசவாளியின் கூலியும் பட்டு நூலின் விலையும் சேர்ந்தாலே பல ஆயிரம் ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத சங்கதியா? முந்தானையைப் புரட்டிப் பார்த்து ஜரிகையின் தரத்தைச் சொல்லிவிடக் கூடியவர்கள் அவர்கள். ஆயினும், புரட்டிப் பார்ப்பதற்கு முந்தானை இல்லாத இடத்தில், 'இன்னும் 11 நிமிஷத்தில் சலுகை முடிகிறது' என்று ஒரு கடிகாரம் திரையில் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த விவேகம் பயன்படாமல் போய்விடுகிறது. கடிகாரம் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். யோசிக்க அவகாசம் கொடுத்தால் விற்காத பொருள் அது.

இத்தகைய கடைகளைச் சோதிப்பதற்கு ஊகமும் உள்ளுணர்வும் தேவையில்லை. சட்டமே ஒரு அளவுகோலைத் தந்திருக்கிறது. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணையத்தில் கடை நடத்தும் எந்த ஸ்தாபனமும் தன்னுடைய சட்டபூர்வமான பெயரையும், தலைமை அலுவலகத்தின் முகவரியையும், குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தையும் வாடிக்கையாளர் காணும்படி வெளியிட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் காண வேண்டும். வாட்ஸ்அப் எண் ஒன்றைத் தவிர வேறு முகவரியே இல்லாத கடை, மற்ற எதைப் பற்றியும் ஆராய வேண்டாதபடி, இந்த ஒரு சோதனையிலேயே தோற்றுவிடுகிறது. இணைய முகவரியின் ஓரத்தில் பூட்டுச் சின்னம் இருப்பதால் கடைக்காரன் யோக்கியன் ஆகிவிடமாட்டான். நாம் அனுப்பும் செய்தியை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. திருடனும் அந்தச் சின்னத்தை எளிதில் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, பணம் வாங்குவதற்கும் பணம் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையையே குழப்பிவிடும் தந்திரம் ஒன்று. 2021 பிப்ரவரியில், அப்போது டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள், வீட்டிலிருந்த சோபா ஒன்றை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் செய்தார். வாங்குகிறேன் என்று வந்தவன் முதலில் ஒரு சிறு தொகையை அவருடைய கணக்கில் போட்டு நம்பிக்கையை உண்டாக்கினான். பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்றான். வரவில்லை, 20,000 ரூபாய் போயிற்று. தவறிப் போய்விட்டது, இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று மற்றொன்றை அனுப்பினான். மேலும் 14,000 போயிற்று. உயர்ந்த கல்வி பெற்ற ஒருவருக்கே, அதிகாரத்தின் உச்சியிலிருந்த ஒரு வீட்டிலேயே இப்படி நேர்ந்தது என்றால், பரிகசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சோபாவை விற்கிறவருக்கு, பணம் வரப்போகிறது என்ற ஒரே நினைவுதான் மனத்தில் இருக்கும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கண் பார்த்தாலும் மனம் வாசிப்பதில்லை. யுபிஐ பின் எண்ணை அழுத்துவது நம் கணக்கிலிருந்து பணத்தை வெளியே அனுப்புவதற்கு, அல்லது கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பதற்கு. பணம் உள்ளே வருவதற்கு எந்த எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், சமையலுக்கு வரும் அம்மாள் உட்பட, இந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லித் தரவேண்டும்.

நம்முடைய மும்பையிலேயே அதே ஆண்டு ஜூன் மாதத்தில், நடிகை ஷபானா ஆஸ்மி தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகத் தெரிவித்தார். வீட்டுக்குப் பொருளைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்ன ஒரு மதுக்கடைக்கு முன்பணம் கட்டினார், பொருள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது என்னவென்றால், அந்தப் பெயருடைய கடைக்கும் பணம் பெற்றவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ ஒருவன் கடையின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு தன்னுடைய எண்ணை அதன்கீழ் போட்டுவிட்டான். இதற்கு முன்பே, 2018-இல், கூகுள் மேப்ஸில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்களைப் பொதுஜனங்கள் திருத்துவதற்கு இருந்த வசதியைப் பயன்படுத்தி, மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை நுழைத்துவிட்டார்கள் என்று மகாராஷ்டிர சைபர் போலீஸார் எச்சரித்தார்கள். வங்கிக்குத்தான் பேசுகிறோம் என்ற பூரண நம்பிக்கையோடு, வாடிக்கையாளர் தாமாகவே திருடனைக் கூப்பிட்டுக் கார்டு எண்ணைச் சொன்னார். வந்த அழைப்பைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவர்கள்கூட, தாம் தேடிப் பிடித்த எண்ணைச் சந்தேகிப்பதில்லை. ஆர்டர் செய்த பொருள் உடைந்து வந்ததென்று 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறவர் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவர்; 'ரீஃபண்டு தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று எவன் கனிவாகப் பேசினாலும் அவனை நம்பிவிடுவார். அந்த ஆப் அவருடைய திரையை அப்படியே எதிரிக்குக் காட்டும். எந்தக் கடையில் வாங்கினோமோ அந்தக் கடையின் சொந்தச் செயலிக்குள்ளே இருக்கும் உதவிப் பகுதியைத் தவிர வேறெங்கும் எண் தேடாதிருப்பதே இதற்கு வழி. வங்கி விஷயத்தில் இப்போது ஓர் அடையாளமும் உண்டு: 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் வலைத்தள முகவரியை '.பேங்க்.இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டுமென்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது.

கூரியர் ஆசாமி ஒருவன் போனில் பேசுகிறான்: 'ஆன்டி, உங்கள் அட்ரஸ் சரியாகத் தெரியவில்லை, டெலிவரி பையனின் நம்பர் தருகிறேன், முன்னால் ஸ்டார் 401 ஸ்டார் என்று போட்டு டயல் பண்ணுங்கள்.' மறு வினாடியே அந்த அம்மாளுக்கு வரவேண்டிய அழைப்புகளெல்லாம் அவன் சொன்ன எண்ணுக்குத் திரும்பிவிடுகின்றன. வங்கி குரல் அழைப்பில் சொல்லும் ஓடிபி உட்பட. தம்முடைய போன் அமைதியாக இருப்பதைப் பார்த்து அந்த அம்மாள் நிம்மதியாகவே இருப்பார். இந்தக் குறியீட்டு முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும், பிறர் சொல்லும் எந்தக் குறியீட்டையும் நம்முடைய போனில் அழுத்துவதில்லை என்று வைத்துக்கொள்வது க்ஷேமம். வாசலில் நின்றுகொண்டு 'இந்த ஆர்டரை நீங்கள் போடவில்லையென்றால் கேன்சல் செய்ய ஓடிபி சொல்லுங்கள்' என்பவனும் இதே வகையைச் சேர்ந்தவனே. போடாத ஆர்டரை ரத்து செய்ய வேண்டிய கடமை நமக்கு ஏது?

வாங்குகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; விற்கிறவர்களின் சங்கடத்தையும் சொல்லவேண்டும். தாராவியில் தோல் பை தைத்து விற்கும் அண்ணாச்சிக்கு ஒரு நாள் போன் வரும். பேசுகிறவன் தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொள்வான். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். படைப்பிரிவுக்கு ஐம்பது பைகள் வேண்டும், பேரம் பேசவே மாட்டான். சரக்கு தயாரானதும், 'எங்கள் ராணுவக் கணக்கில் ஒரு முறை உண்டு. முதலில் நீங்கள் ஒரு சிறு தொகை அனுப்பினால்தான் உங்கள் எண் பதிவாகும், உடனே இரட்டிப்பாக வந்துவிடும்' என்பான். சமையல் காண்டிராக்ட் எடுக்கும் மாட்டுங்காக்காரரிடம் இருநூறு சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பவனும் இவனே. ராணுவத்தின்மீது நம் ஜனங்களுக்குள்ள மரியாதையை ஆயுதமாகப் பிரயோகிக்கும் இந்தத் துரோகம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கோபத்தை உண்டாக்குகிறது. ராணுவம் எந்த வியாபாரியிடமும் முன்னதாகப் பணம் கேட்பதில்லை. பணம் அனுப்பியாயிற்று என்று காட்டப்படும் ஸ்கிரீன்ஷாட்டையும் வியாபாரிகள் நம்பலாகாது. பணம் வந்துவிட்டது என்று கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி சொல்லவேண்டும், அல்லது தம் சொந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவேண்டும். தாராவியின் தோல் தொழில் உள்ளூர்ச் சரக்கை உலகத்துக்கு விற்கும் தொழில். முன்பணம் என்றாலே வாங்குகிறவர் அஞ்சும்படியான நிலை வந்தால், பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகை இல்லாத இந்தச் சிறு வியாபாரியின் பிழைப்புத்தான் முதலில் கெடும்.

சின்னச் சின்னத் தொகைகளில் தொடங்கிய இந்த வஞ்சகம், பார்சல் என்ற அதே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்று நினைத்தால் மனம் பதறுகிறது. 'உங்கள் பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஃபெடெக்ஸ் பார்சலில் போதைப்பொருள் இருந்தது. சுங்க இலாகா பிடித்துவிட்டது. மும்பை போலீஸுக்கு லைனைத் தருகிறேன்' என்று நாடெங்கும் எத்தனையோ பேருக்கு அழைப்பு வந்திருக்கிறது. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் நம் உறவினர்கள், மும்பை போலீஸ் என்ற பெயரைக் கேட்டதும் சினிமாவில் பார்த்ததையெல்லாம் நினைத்து நடுங்குகிறார்கள். நாம் வாழும் நகரத்தின் பெயரே இப்படிப் பிறரை மிரட்டும் கருவியாகிவிட்டது. மும்பையில் இருப்பவர்களுக்கோ, டெல்லி என்றும் சிபிஐ என்றும் பெயர் மாறி வருகிறது. இந்த நகரத்தின் தென்பகுதியில் 86 வயது மூதாட்டி ஒருவரை, 2024 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரையில், 'டிஜிட்டல் கைது' என்ற பெயரால் வீட்டுக்குள்ளேயே அடக்கிவைத்து, 20 கோடி ரூபாய்க்கு மேல் கறந்துவிட்டார்கள். பஞ்சாபின் பெரிய ஜவுளித் தொழில் குழுமமான வர்தமானின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், உச்ச நீதிமன்றத்தின் விசாரணையையே போலியாக நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமர் தெளிவாகச் சொன்னதையே நானும் திரும்பச் சொல்கிறேன்: போன் மூலம் கைது செய்வது என்கிற ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோ அழைப்பில் விசாரணை நடத்தி, வழக்கிலிருந்து விடுவிக்கப் பணம் கேட்கும் போலீஸ் அதிகாரி எவரும் கிடையாது.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் மனிதர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கும் தொனியிலேயே, ஏமாந்தவர் அசடு என்ற தீர்ப்பும் கலந்திருக்கிறது. இந்தத் தீர்ப்பை நான் முற்றிலும் மறுக்கிறேன். இந்த வஞ்சகங்கள் எதிலும் அறிவைச் சோதிக்கும் பரீட்சை இல்லை. அவசரத்தையும் தனிமையையும் உண்டாக்கி, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரை நிறுத்திவிடுவதே அவற்றின் முறை. 'இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் கரண்ட் கட் செய்யப்படும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், மாட்டுங்காவில் மின்சாரம் தருவது பெஸ்ட் நிறுவனம் என்பதும், பில் போன வாரமே கட்டியாயிற்று என்பதும் அதைப் படிக்கும் வீட்டு அம்மாளுக்குத் தெரியும். ஆனால் மாமா ஆக்ஸிஜன் கருவியோடு படுத்திருக்கும் வீட்டில், இருட்டிப் போகும் என்ற பயமே முந்திக்கொள்ளும். மகாநகர் கேஸ் பெயரிலும் இதே மாதிரியான செய்திகள் சுற்றியிருக்கின்றன. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீடுகளில், 'இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது' என்று எதிரி சொல்லும்போது, பேசுவதற்கு உண்மையிலேயே பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. ஏமாந்த பிறகோ, மகன் என்ன சொல்வான், மருமகள் என்ன நினைப்பாள் என்ற வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. மீட்டிருக்கக்கூடிய பணமெல்லாம் இந்த வெட்கத்தில்தான் மூழ்குகிறது.

மீட்க முடியும் என்பதை விவரமாகச் சொல்லவேண்டும். மத்திய உள்துறையின்கீழ் 1930 என்ற உதவி எண்ணும், தேசிய சைபர் குற்றப் புகார் வலைத்தளமும் இயங்குகின்றன. 2021-இல் ஏற்படுத்தப்பட்ட ஒரு முறையின்படி, அங்கே புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குப் போயிற்றோ அந்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கப்படுகிறது. வேறு வங்கிக்குத் தாவிவிட்டிருந்தால் தகவலும் பின்தொடர்ந்து தாவுகிறது. திருடன் ஒரு கணக்கிலிருந்து ஐந்தாகவும், ஐந்திலிருந்து இருபதாகவும் பிரித்துக் கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவதற்குள் இது நடக்கவேண்டும். ஆகவே, கூப்பிடும்போது கையில் இருக்கவேண்டியவை: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு போயிற்று என்பதும், பணப்பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணும். போலீஸ் நிலையத்துக்குப் போகலாமா, மகனிடம் சொல்லலாமா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகு. பொருள் தராமல் இழுத்தடிக்கும் உண்மையான கடைகளின்மேல் புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அது வேறு, இது வேறு.

திருடப்பட்ட பணம் ஓடும் கணக்குகள் யாருடையவை? இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். வஞ்சகன் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. வேலையற்ற இளைஞன் ஒருவனிடம் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, பாஸ்புக், டெபிட் கார்டு, சிம் கார்டு மூன்றையும் வாங்கிக்கொள்கிறான். 'கம்பெனிப் பணம் வந்து போகும், வரிக்காக' என்று ஒரு காரணமும் சொல்கிறான். நாடெங்கும் ஏழைக் குடியிருப்புகளே இதற்கு வலை வீசப்படும் இடங்கள். போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது இந்தப் பையனின் வீட்டில்தான். கணக்கில் வந்த இலட்சங்களில் ஒரு ரூபாயைக்கூடத் தான் தொடவில்லை என்று அவன் சொன்னாலும், அவன் பெயர் வழக்கில் ஏறிவிடும். தாராவியில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், சாராயத்தைப் பற்றி எச்சரிப்பதுபோல் இதைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். மறுமுனையில் பேசுகிற குரல்களில்கூடச் சில அடிமைக் குரல்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மருக்குக் கடத்தப்பட்டு, மோசடி செய்யும்படி துன்புறுத்தப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே.

2023-இல் சைபர் மோசடிகளால் இந்தியர் இழந்தது 7,465 கோடி ரூபாய் என்றும், 2024-இல் அது 22,845 கோடியாக உயர்ந்தது என்றும் நாடாளுமன்றத்தில் அரசாங்கம் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இந்தக் காலம் முழுவதும் எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை.  ஆகவே, ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஜனங்களிடம் சொல்வது அவசியம்தான் என்றாலும், அதுவே போதுமான பரிகாரம் ஆகாது. இதற்கு ஒரு தெளிவான அத்தாட்சியும் இருக்கிறது. யுபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கிய நாளிலிருந்து, தனிமனிதர் மற்றொரு தனிமனிதரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை என்ற வசதி அதில் இருந்தது. பணம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்புவது மோசடிக்காரர்களின் நித்திய கருமமாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஜனங்களை எச்சரித்துப் பார்த்த பிறகு, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதியையே எடுத்துவிடும்படி உத்தரவிட்டது. ஒரே ஒரு சுற்றறிக்கை, எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், எச்சரிக்கையைக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும், ஒரு வாசலை நிரந்தரமாக அடைத்துவிட்டது. இதை ஏன் முன்பே செய்யவில்லை, இதுபோல் அடைக்கவேண்டிய வாசல்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்பதற்கு ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

கேட்கவேண்டிய இடமும் தொலைவில் இல்லை. மித்தி நதியின் ஒரு கரையில் தாராவி. மறு கரையில் பாந்திரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தப் பணப்பட்டுவாடாக் கழகம் அங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தலைமையகம் கோட்டைப் பகுதியில், மாட்டுங்காவிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பிரயாணத்தில். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் குற்றமில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நல்ல முறையில் விதித்தது. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் அவரைச் சேரும் என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. மிரட்டப்பட்டு ஓடிபி சொன்ன கிழவியும், கியூஆர் கோடை ஸ்கேன் செய்த இளம்பெண்ணும் இந்த இரண்டாவது வகையில் தள்ளப்படுகிறார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு நியாயம் நடக்கிறது: ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பிவிட்டவருக்கும், 85,000 பவுன் வரையில், பணத்தை அனுப்பிய வங்கியும் அதைப் பெற்றுக்கொண்ட வங்கியும் சரிபாதியாகப் பங்கிட்டுத் திருப்பித் தரவேண்டும். பெற்றுக்கொண்ட வங்கியையும் சேர்த்திருப்பதில்தான் இந்த விதியின் சாரம் இருக்கிறது. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கு அதன் கைப்பணம் போகும் என்றால், மாதம் பத்தாயிரம் வருமானமுள்ள பையனின் கணக்கில் ஒரே நாளில் ஐம்பது இலட்சம் வந்து போவதை அது கண் மூடிக்கொண்டிருக்காது.

அப்படி விதித்தால் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள், பொய்ப் புகார்கள் பெருகும் என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்பதால், தொகைக்கு ஓர் உச்சவரம்பும் விசாரணைக்கு ஒரு முறையும் வேண்டியவையே. ஆனால், தன் சேமிப்பு முழுவதும் போனபின் திரும்பி வருமோ வராதோ என்று மாதக்கணக்கில் அலைவதற்காக ஒருவர் வேண்டுமென்று அலட்சியம் செய்வார் என்று நான் நம்பவில்லை. இதுவரை ஒருதடவைகூடப் பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு, அறுபது வயது கடந்த ஒருவர் பெருந்தொகையை அனுப்பும்போது, சில மணி நேரம் அதை நிறுத்திவைத்து, அவர் முன்னரே குறித்துக் கொடுத்திருக்கும் உறவினர் ஒருவருக்குத் தகவல் தருவது எந்த வங்கிக்கும் முடியாத காரியம் அன்று. அவ்வாறே, போலிக் கடையின் விளம்பரத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு அதை நம் திரையில் காட்டும் கம்பெனிகள், விளம்பரம் கொடுத்தவனின் அடையாளத்தையும் முகவரியையும் சரிபார்க்கவேண்டும். சரிபாராமல் காட்டிய விளம்பரத்தால் நேர்ந்த நஷ்டத்தில் அவற்றுக்கும் பங்கு விதிக்கவேண்டும்.

சட்டம் மாறும் வரையில் நம் மும்பைத் தமிழ்ச் சமூகம் தன்னாலானதைச் செய்யலாம். 1930-ஐக் கூப்பிட்டால் மறுமுனையில் மராத்தியோ ஹிந்தியோ பேசுவார்கள். தாராவியில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் காய்கறி வாங்கும் அளவுக்கே ஹிந்தி அறிந்த பாட்டிக்கு, யூடிஆர் எண்ணை அந்தப் பாஷையில் சொல்ல வராது. சயானில் உள்ள தமிழ்ச் சங்கத்திலும், சேடா நகர் முருகன் கோயிலிலும், மாட்டுங்காவின் பஜனை சமாஜத்திலும், தாராவியின் பிள்ளையார் கோயில் கமிட்டிகளிலும், மூன்று பாஷையும் தெரிந்த கல்லூரி மாணவர்கள் இருவர் மூவரின் பெயரையும் எண்ணையும் பலகையில் எழுதிவைக்கலாம்: பணம் போய்விட்டது என்று யார் கூப்பிட்டாலும், எதற்காக அனுப்பினாய் என்று கேட்காமல், அந்த நிமிஷமே அவருக்காக 1930-க்குப் பேசி, புகார் எண்ணை வாங்கிக் கொடுத்து, மறுநாள் அவரோடு வங்கிக்கும் சைபர் போலீஸ் நிலையத்துக்கும் கூடப் போவது மட்டும் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.